கணிப்பொறி கண்ட தமிழர் டாக்டர் நரசிம்மன்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு வினாவிடைப் போட்டி நடைபெற்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வினாக்களைப் படிக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. திருக்குறளைப் பற்றிக் கேட்டதற்கும், கல்லணையைப் பற்றிக் கேட்டதற்கும் சின்னஞ்சிறு கைகள் மளமளவென்று உயர்ந்தன. "இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பெற்ற முதல் முழுக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவின் தலைவர் யார்?" என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. பந்தலில் அமர்ந்திருந்த பெரியவர்களில் பாதிப் பேர் ஓசூர்ச் சாலை வழியே நாள்தோறும் எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று, கணிப்பொறியைக் கொண்டே ஏதோ ஒரு வகையில் உப்புக்கும் புளிக்கும் வழி செய்துகொள்கிறவர்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை. நாம் கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர்" என்று விடையைப் படித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றோம். உண்மையைச் சொல்வதானால், அந்தத் தாளில் எழுதியிருந்ததற்கு மேல் நமக்கும் ஒன்றும் தெரியாது.

அந்த வெட்கம் நம்மை விடவில்லை. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பின்னர் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். முன்பதிவுக் கவுண்டரில் கணிப்பொறியின் முன் அமர்ந்துதான் நாம் ஊதியம் பெறுகிறோம். ஆகவே இந்த நாட்டில் அந்த யந்திரத்துக்குக் கால்கோள் செய்தவரைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமை எனத் தோன்றிற்று. இந்நகரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் 1999-ஆம் ஆண்டு டாக்டர் நரசிம்மன் தம் வரலாற்றைத் தாமே ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார். கல்லூரியில் பயிலும் நம் மகள் அதனைத் தேடிக் கொணர்ந்து, பல மாலைப்பொழுதுகள் நம் பக்கத்தில் அமர்ந்து பொருள் கூறினாள். தந்தை மகளிடம் பாடம் கேட்டதில் நமக்கு இழிவு ஒன்றும் தோன்றவில்லை. அன்று கேட்டதையும், அதன்பின் வேறு நூல்களால் அறிந்ததையும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

ரங்கசாமி நரசிம்மன் 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அக்கல்லூரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிற்காலத்தில், 1958-இல், அங்கிருந்து பட்டம் பெற்று வெளிவந்த ராஜ் ரெட்டி என்பவர் அமெரிக்காவில் யந்திரங்களுக்குப் பேச்சை உணரும் ஆற்றலை அளிக்கும் ஆராய்ச்சியில் முன்னோடியாகி, கணிப்பொறித் துறையின் மிகப் பெரிய பரிசாகிய டூரிங் பரிசை 1994-இல் பெற்றார். செயற்கை நுண்ணறிவுக்கு இவ்விருவரையும் தந்தது நம் கிண்டிக் கல்லூரி என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். ராஜ் ரெட்டி அமெரிக்காவிலேயே தங்கினார். நரசிம்மன் கதை வேறு. அவரும் கடல் கடந்து சென்றார். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1954-இல் தாயகம் திரும்பினார்.

அப்போது பம்பாயில் டாக்டர் ஹோமி பாபா அவர்கள் 1945-இல் தோற்றுவித்த டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் வளர்ந்துகொண்டிருந்தது. அணுவியல் ஆராய்ச்சிக்குப் பெருங்கணக்குகள் தேவைப்பட்டன. கணக்கிடும் யந்திரத்தை அயல்நாட்டிலிருந்து வாங்கலாம். 1955-இல் கல்கத்தாவின் புள்ளியியல் கழகம் பிரிட்டனிலிருந்து ஒன்றை வருவித்தது. ஆனால் அந்நியச் செலாவணிக்கு அக்காலத்தில் இருந்த தட்டுப்பாட்டை முதியோர் அறிவர். மேலும், வாங்குகிறவனுக்கு ஓட்டத்தான் தெரியும், செய்கிறவனுக்கே உள்ளிருப்பது தெரியும் அன்றோ? இங்கேயே செய்வது என்று முடிவாயிற்று. ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழு அமைந்தது. அதனை நடத்தியவர் நரசிம்மன். அக்குழுவில் அவரைத் தவிர வேறெவரும் வெளிநாடு கண்டவர் அல்லர். கணிப்பொறியை வடிவமைப்பது கிடக்க, அதனைப் பயன்படுத்திப் பார்த்தவர்கூட அவர்களில் இல்லை.

தச்சன் கட்டிலைப் பார்த்தே அறியாமல் கட்டில் செய்யப் புகுந்ததைப் போன்றது இது. அவர்கள் கையில் இருந்தவை நூல்களும், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஃபான் நாய்மன் என்னும் கணித மேதையின் குழுவினர் அமைத்த யந்திரத்தைப் பற்றிய அறிக்கைகளுமே. கொலாபாவில் இராணுவத்தார் விட்டுச் சென்ற கொட்டகைகளில் வேலை நடந்தது. எடுத்த எடுப்பில் பெரிய யந்திரத்தைத் தொடவில்லை. முன்மாதிரியாக ஒரு சிறு யந்திரத்தைச் செய்து பார்த்தனர். அது 1956 அக்டோபரில் இயங்கிற்று. அதன் பின்னரே முழு யந்திரத்தில் கை வைத்தனர். 1960 பிப்ரவரியில் அது பணிக்கு வந்தது. 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மேனியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் அதில் இருந்தன. கணக்கிடும் பகுதியையும் கட்டுப்படுத்தும் பகுதியையும் தாங்கிய இரும்புச் சட்டம் மட்டும் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. நம் காலனியில் ஒரு வீட்டு முன்னறையில் அதனை வைத்தால் வாயிற்படி மறைந்துவிடும்.

அதன் நினைவகமோ 2,048 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 40 இலக்கங்கள் கொண்டது. நம் மகள் கணக்கிட்டுக் கூறினாள்: விடியற்காலையில் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக வந்து விழுகிறதே, அத்தகைய படம் ஒன்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்த நினைவகம் தாங்காதாம். அந்தச் சிறிய நினைவகத்தை வைத்துக்கொண்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் சில ஆண்டுகள் கணக்கிட்டார்கள். 1962 ஜனவரியில் டாடா கழகத்தின் புதிய கட்டடங்களைத் திறந்து வைத்த பிரதமர் நேரு அவர்கள் அந்த யந்திரத்துக்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். டிஃப்ராக் பணிக்கு வந்த நாளிலேயே அது பழைய யந்திரம். வெற்றிடக் குழலின் காலம் முடிந்து, உலகெங்கும் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1964-இல் டாடா கழகமே அமெரிக்காவிலிருந்து பெரிய யந்திரமொன்றை வருவித்தது. நரசிம்மனும் தோழர்களும் ஐந்தாண்டு உழைத்துச் செய்த யந்திரம் அதன்பின் ஓரங்கட்டப்பட்டது. இதனைப் பெருந்தோல்வி என்று எண்ணுவாரும் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அதனைச் செய்த கைகளிலிருந்தே பின்னாளில் இந்நாட்டுக் கணிப்பொறி ஆராய்ச்சி கிளைத்தது. அக்குழுவில் இருந்த பி. வி. எஸ். ராவ் பேச்சை உணரும் யந்திர ஆராய்ச்சியில் இறங்கினார். டாடா கழகத்தில் வளர்ந்த எஸ். ரமணி 1985-இல் தனி நிறுவனமாக உருவான தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் இயக்குநராகி, இந்தியக் கல்வி நிலையங்களைக் கணிப்பொறி வலையால் இணைத்தார்.

இனி, நரசிம்மன் வாழ்வின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். அதனைப் புரிந்துகொள்ள, செயற்கை நுண்ணறிவு என்று இன்று வீதியில் போவோரெல்லாம் பேசுவது எங்கே தொடங்கிற்று என்பதைச் சிறிது அறிய வேண்டும். 1950-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங், யந்திரம் சிந்திக்குமா என்ற வினாவைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1956-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மக்கார்த்தி முதலானோர் கூடி, அத்துறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரையே சூட்டினர். பம்பாயில் முன்மாதிரி யந்திரம் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வருகை ஆராய்ச்சியாளராக இருந்தார். அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. அணுத்துகள்கள் ஒரு திரவத்தினூடே பாயும்போது குமிழிகளாலான கோடுகளை விட்டுச் செல்லும். அவற்றைப் புகைப்படம் எடுத்து, எந்தத் துகள் எங்கே பிரிந்தது என்று விஞ்ஞானிகள் ஆராய்வார்கள். இத்தகைய படங்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. ஆட்கள் அமர்ந்து கண்ணால் பார்த்துத் தீருமா? யந்திரமே படத்தைப் படிக்க வேண்டும் என்று அப்பல்கலைக்கழகத்தார் இல்லியாக் மூன்று என்னும் தனி யந்திரத்தையே திட்டமிட்டனர்.

அந்நாளில் இருந்த வழி யாதெனில், ஒரு படத்தைக் காட்டி 'இது இந்த வகை, அது அந்த வகை' என்று யந்திரத்தைப் பிரிக்கச் செய்வது. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பெட்டியில் போடுவதைப் போல. நரசிம்மன் இதனை ஏற்கவில்லை. படத்தை இன்னதென்று பெயரிட்டு ஒதுக்குவது அறிவாகாது. அதில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, எது எதனோடு சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று விரித்துரைப்பதே அறிவு என்றார். வாக்கியத்துக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் ஓர் இலக்கணம் வகுக்கலாம் என்பது அவர் கண்ட வழி. மொழியின் வாக்கிய அமைப்பை விதிகளால் விளக்கி நோம் சோம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட நூல் அறிஞரிடையே பேசப்பட்ட காலம் அது. நரசிம்மன் அவ்விலக்கண நெறியைச் சொல்லிலிருந்து கோட்டுக்குக் கொண்டுவந்தார். 1964-லும் 1966-லும் வெளியான அவருடைய கட்டுரைகள் படங்களைக் கணிப்பொறியால் ஆராயும் துறையில் ஒரு தனி மரபையே தொடங்கி வைத்தன.

இது என்ன பெரிய விந்தை என்று நம் தாய்மார்கள் கேட்கலாம். மார்கழியில் புள்ளி வைத்துக் கோலமிடுகிறவர்களுக்கு இது புதிதன்று. எந்தப் புள்ளியைச் சுற்றி எப்படி வளைய வேண்டும், ஒரு மூலையை எழுதினால் மற்ற மூன்றும் எப்படித் தொடரும் என்னும் விதிகள் அவர்கள் விரலில் இருக்கின்றன. பட இலக்கணத் துறையில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தையே எடுத்துக்கொண்டு கணித இலக்கணம் வகுத்தனர். உலக அறிஞர் அதனைப் படித்தனர். நம் வாசலில் நாம் நாள்தோறும் மிதித்துச் செல்வது இத்தகைய ஒன்றைத்தான்.

நரசிம்மன் நினைத்திருந்தால் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். அவர் திரும்பிவந்தார். 1965-இல் உருவான இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1975-இல் மத்திய அரசு ஏற்படுத்திய கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம், அதாவது சி.எம்.சி., அதற்கும் அவரே முதல் தலைவர். 1977-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம், அந்நியப் பங்குகளைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு உடன்படாமல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற யந்திரங்களை நின்றுபோகாமல் காத்தது சி.எம்.சி. அந்த யந்திரங்களில் இரயில்வேயின் யந்திரங்களும் இருந்தன. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் 1960-களிலிருந்தே அவற்றில்தான் தயாராயின.

இங்கே நம் இலாகாவைப் பற்றிச் சிறிது எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நாம் பணியில் சேர்ந்தபோது நமக்கு வேலை கற்பித்த மூத்தவர் ஒருவர் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பழைய நாளைப் பற்றிக் கூறுவார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பதிவேடு. பயணி ஒரு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று கவுண்டரை அடைந்தால், "இந்த வண்டிக்கு இங்கே இல்லை, அடுத்த கவுண்டர்" என்று கேட்க நேரும். அடுத்ததில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். பதிவேடு ஓர் எழுத்தர் கையில் இருக்கும்போது மற்றவர் அதனைத் தொட முடியாது. ஒரே படுக்கை இருவர் பெயரில் ஏறிவிட்டால் வண்டி புறப்படும் வேளையில் சண்டை. பொங்கலுக்குச் சேலமும் திருவண்ணாமலையும் செல்ல முந்திய இரவே வந்து படுத்துக் கிடந்தவர்கள் நம் காலனியிலேயே இன்னும் இருக்கிறார்கள். 1986-இல் டில்லியில் சி.எம்.சி. அமைத்த 'இம்ப்ரெஸ்' என்னும் கணிப்பொறித் திட்டம் இதனை மாற்றிற்று. எந்த வண்டிக்கும் எந்தக் கவுண்டரிலும் சீட்டு வாங்கலாம் என்பது அன்று ஓர் அதிசயம். அது படிப்படியாகப் பிற நகரங்களுக்குப் பரவி, 1999-இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

அத்திட்டத்தை நரசிம்மன் எழுதினார் என்று யாரும் கொள்ள வேண்டா. அதனை எழுதியவர்கள் சி.எம்.சி.யின் இளம் பொறியாளர்கள். ஆனால் பெரிய வேலையை நம்மவரே செய்து முடிக்கலாம் என்னும் துணிவு கொலாபாக் கொட்டகையில் பிறந்தது என்று கூறினால் பிழையாகாது. நாம் ஒவ்வொரு நாளும் அந்தத் திரையின் முன் அமர்கிறோம். இப்போது பெரும்பாலோர் கைப்பேசியிலேயே சீட்டுப் பதிவு செய்துகொள்வதால் நம் முன்னுள்ள வரிசை குறுகிவிட்டது. "யந்திரமே எல்லாம் செய்கிறது, நீர் எதற்கையா?" என்று ஒரு பயணி விளையாட்டாகக் கேட்டார். நாம் சிரித்தோம். வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி உடன் வந்தது. நரசிம்மனின் பிற்கால ஆராய்ச்சியை நாம் ஆவலோடு படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யந்திரத்தைச் செய்தவர், யந்திரத்துக்குக் கண் கொடுக்க முயன்றவர், 1970-களில் வேறொரு திசையில் திரும்பினார். மனிதன் மொழியை எவ்வாறு பெறுகிறான்? இதற்கு விடை காணாமல் யந்திரத்துக்கு அறிவு கொடுப்பதாகப் பேசுவது அடித்தளமில்லாமல் சுவரெழுப்புவதாகும் என்று அவர் கருதினார். மொழியை வாக்கிய விதிகளாகப் பார்த்தவர்களிடமிருந்து, தாம் முன்பு இலக்கண நெறியை வாங்கிக்கொண்டவரிடமிருந்தே, அவர் விலகினார். மொழி என்பது முதலில் நடத்தை. ஒருவர் மற்றொருவரோடு செய்யும் செயல். அதனை அச்செயலுக்குள் வைத்தே ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981-இல் வெளியான 'மொழி நடத்தையை மாதிரிப்படுத்துதல்' என்ற பொருளுடைய அவரது ஆங்கில நூல் இதனைக் கூறுவது.

கொள்கையைக் கூறிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. அவரும் ஆர். வைத்தியநாதன் என்னும் ஆராய்ச்சியாளரும் தமிழ் பேசும் வீடொன்றின் குழந்தையை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்திலிருந்து இரண்டே முக்கால் வயதுவரை, அக்குழந்தையும் பெரியவர்களும் பேசியவற்றையெல்லாம் பதிவு செய்து எழுத்தில் வடித்தனர். குழந்தைகளின் பேச்சைச் சேர்த்து வைப்பதற்காக அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய 'சைல்ட்ஸ்' என்னும் உலகக் களஞ்சியத்தில் அப்பதிவு தமிழுக்குரிய தொகுப்பாக இன்றும் இருக்கிறது. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் அதனைத் திறந்து பார்க்கலாம்.

அன்பர்களே, இதனைப் படித்தபோது நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். நாட்டின் முதற் கணிப்பொறியைக் கட்டிய ஒரு மேதை, அறிவின் பிறப்பிடத்தைத் தேடிக்கொண்டு போய், ஒரு தமிழ் வீட்டில் தவழும் குழந்தையின் முன் காகிதமும் எழுதுகோலுமாக நின்றிருக்கிறார்!

அங்கே அவர் தேடியது என்ன என்பதை நம் வீட்டிலேயே காணலாம். நம் அன்னையார் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "விளக்கு எங்கே?" என்பார். பேசத் தெரியாத குழந்தை அண்ணாந்து பார்க்கும். "காக்காவுக்குச் சோறு போடலாமா?" என்று ஓர் உருண்டையைக் கையில் கொடுப்பார்; குழந்தை அதனை வீசும். 'இன்னும்' என்று கேட்கவும், 'வேண்டாம்' என்று தட்டவும், 'பாட்டி' என்று அழைத்துத் தன் பக்கம் திருப்பவும் குழந்தை கற்கிறது. எழுவாய் பயனிலையை எவரும் சொல்லித் தரவில்லை. கேட்பது, மறுப்பது, காட்டுவது, கொஞ்சுவது ஆகிய செயல்களின் உள்ளேயே சொல் வந்து அமர்கிறது. பெரியவர் பேச்சு இல்லையேல், அதற்கு மறுமொழி இல்லையேல், சொல்லும் இல்லை.

இன்றைய செயற்கை நுண்ணறிவு யந்திரங்களை நரசிம்மன் காணவில்லை. 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்து உலகைத் திகைக்க வைத்தபோது அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த யந்திரங்கள் கற்கும் வழி வேறு. உலகத்தார் எழுதிவைத்தவற்றைப் பல இலட்சம் கோடிச் சொற்களாக விழுங்கி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்தே அவை பழகுகின்றன. ஒரு குழந்தை மூன்று வயதுக்குள் கேட்பன சில கோடிச் சொற்களுக்கு மேல் இரா. அவ்வளவு குறைந்த கேள்வியைக் கொண்டு அது பேசுகிறது. பேசுவதோடு, தனக்கு வேண்டியதைச் சாதித்தும் கொள்கிறது. விழுங்கிக் கற்ற யந்திரம் அழகாகப் பேசுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. நம் மகள் அதனிடம் தமிழில் கேட்டதற்கு அது தந்த விடை நம் எழுத்தைவிடத் திருத்தமாகவே இருந்தது. நரசிம்மன் இருந்திருந்தால் என்ன கூறியிருப்பார் என்று ஊகிக்க நமக்குத் தகுதி இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது: சொல்லைச் சேர்ப்பதும், சொல்லால் ஒருவரோடொருவர் வாழ்வதும் ஒன்றுதானா?

அவர் ஆராய்ச்சியில் இன்னொரு பகுதி உண்டு. அது நம் பாட்டிமாருக்கு மதிப்பளிப்பது. எழுத்தறிவு வந்த பின்னரே மனிதன் மொழியைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்கத் தொடங்கினான் என்று மேனாட்டு அறிஞர் பலர் எழுதியிருந்தனர். நரசிம்மன் 1991-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதனை ஆராய்ந்தார். வாய்மொழியாகவே வேதங்களைக் காத்து, ஒலிகளைப் பகுத்து, இலக்கணம் கண்ட இந்தியரின் மரபை எடுத்துக்காட்டி, எழுத்து இல்லாமலும் அத்தகைய நுண்ணிய சிந்தனை உண்டு என்று வாதிட்டார். கையெழுத்திடத் தெரியாத ஒரு மூதாட்டி நூறு பழமொழிகளை இடமறிந்து எடுத்து வீசுவதை நாம் கண்டிருக்கிறோம். அவரை அறிவிலி என்பார் யார்?

டாடா கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1990-இல் அவர் பெங்களூருக்கு வந்து சி.எம்.சி.யில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நம்மவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வந்து பொம்மனஹள்ளியின் தையல் ஆலைகளில் சேர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒரே ஊரில் அவரும் இருந்தார், நம் மக்களும் இருந்தனர். ஒருவரை ஒருவர் அறியவில்லை. 1998-இல் மொழி நடத்தை எவ்வாறு பெறப்படுகிறது, மனித குலத்தில் அது எவ்வாறு தோன்றிற்று என்பது பற்றி ஒரு நூலும், 2004-இல், தமது 78-ஆம் வயதில், செயற்கை நுண்ணறிவையும் உயிர்களின் செயல் நடத்தையையும் ஒருங்கே ஆராயும் ஒரு நூலும் வெளியிட்டார். கடைசிவரை அவர் கேட்டது அதே கேள்வியைத்தான். 2007 செப்டம்பர் 3-ஆம் நாள் இந்நகரிலேயே காலமானார். பொம்மனஹள்ளி நகராட்சி பெருநகர் பெங்களூரோடு சேர்க்கப்பட்டதும் அதே 2007-இல்தான்.

இனிச் சங்கத்து அலுவல் ஒன்று. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் பேச்சு செயற்குழுவில் எழுந்திருப்பதை அன்பர்கள் அறிவர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு பாடச்சுமை ஏன், தமிழ் கற்பிக்கும் செயலிகள் கைப்பேசியிலேயே இருக்கின்றனவே என்று சிலர் கூறினர். அதில் நியாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். நம் மகனே வீட்டில் தமிழில் கேட்டால் கன்னடத்தில் மறுமொழி கூறுகிறான். கன்னடம் அவனுக்குச் சோறு போடும் மொழி, அதனை நன்றாகவே கற்கட்டும். ஆனால் சென்ற முறை வகுப்பில் நாம் செய்த தவறு இப்போது விளங்குகிறது. நாம் அரிச்சுவடியைக் கொடுத்து எழுதச் சொன்னோம். பிள்ளைகள் எழுதினார்கள், பேசவில்லை.

ஆகவே வரும் பொதுக்குழுவில் நாம் ஒரு தீர்மானம் கொணர எண்ணியுள்ளோம். வகுப்பின் முதல் அரைமணி நேரம் புத்தகம் வேண்டா. மூன்றாம் தெருவிலிருந்து இரண்டு பாட்டிமார் வந்து பிள்ளைகள் நடுவே அமர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முறுக்குச் சுற்றுவார். மற்றவர் கோலம் போடுவார். பிள்ளைகள் மாவைக் கேட்டு வாங்க வேண்டும், தமிழில். மாவுக்கும் எண்ணெய்க்குமான செலவை இம்மாதம் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து செயற்குழு முடிவு செய்யட்டும்.